மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே தயிர் புளிக்கிறது: கேஸ் ஏற்றத்தான் வேண்டுமா?

தறிவீடு, பல்லடம் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்கள் வீட்டில் 260 லிட்டர் டபுள் டோர் ஃபிரிட்ஜ், தானே ஐஸ் உருக்கிக்கொள்ளும் வகை. எட்டு வருடமாக ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. மாசி கடைசியிலிருந்து கீழ்ப்பகுதி சரியாகக் குளிர்வதில்லை. காலையில் உள்ளே வைத்த தயிர் மறுநாளே வாயில் வைக்க முடியாதபடி புளித்துவிடுகிறது. இட்லி மாவு பொங்கி ஏனத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. சத்தியமங்கலத்து மல்லிகை வாங்கி வைத்தால் ஒரே நாளில் பழுத்துப்போகிறது. ஆனால் மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டி ஒழுங்காக உறைகிறது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

ஃப்ரீசருக்குள் பின்பக்கத் தகட்டில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. முன்னெல்லாம் அது வெறுமையாகத்தான் இருக்கும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். பின்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் இறங்கிப்போச்சு, 3,500 ரூபாய் ஆகும்" என்றார். எங்கே இறங்கியது என்று கேட்டேன். "எட்டு வருஷம் ஓடினா கேஸ் தீரத்தானுங்க செய்யும்" என்றார். வீட்டுக்காரர் கொடுத்துவிடலாம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. மாரியம்மன் நோம்பி வருகிறது, ஒரம்பரை வருவார்கள், அதற்குள் சரியாக வேண்டும்.

இன்னொரு விவரம். ஃபிரிட்ஜ் இருப்பது சமையலறைக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் உள்ள அறையில். தறி ஓடும் நேரமெல்லாம் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். அதனாலும் இப்படி ஆகுமா?

---

தோட்டத்துச் சாளை, தாராபுரம்

அக்கா, வோல்டேஜ் பார்த்தீர்களா? எங்கள் சாளை லைனின் கடைசியில் இருக்கிறது. சாயங்காலம் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் போட்டுவிட்டால் மீட்டரில் 170 கூட வராது. அப்போது ஃபிரிட்ஜ் "டிக்" என்று ஒரு சத்தம் போடும், நின்றுவிடும். சில நிமிடம் கழித்து மறுபடி "டிக்". பால் கெட்டுப்போய் கெட்டுப்போய் அலுத்துவிட்டது. ஸ்டெபிலைசர் வைத்த பிறகுதான் நிம்மதி. உங்கள் பக்கம் தறி மோட்டார் எல்லாம் ஓடுகிறதே, அதையும் ஒரு தடவை பாருங்கள்.

---

கோபி மெக்கானிக், கோபிசெட்டிபாளையம்

அம்முணி, பணம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

ஃபிரிட்ஜில் கேஸ் தீராது. அது அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிந்து காலியாகிற சாமான் இல்லை. குழாய்க்குள் வைத்து மூடின கேஸ் அதே குழாயில்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தித் தள்ளும், கண்டென்சரில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும், கேபிலரி என்கிற நூல் போன்ற குழாயைத் தாண்டி ஃப்ரீசர் காயிலுக்குள் போய் ஆவியாகும், ஆவியாகும்போது அங்கே உள்ள சூட்டை உறிஞ்சிக்கொண்டு திரும்பக் கம்ப்ரஸருக்கே வரும். ஓட்டை இல்லாத வரைக்கும் எத்தனை வருடம் ஓடினாலும் அது அப்படியேதான் இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அதை அடைக்காமல் ஏற்றிவிட்டுப் போனால் புது கேஸும் அதே வழியாகத்தான் போகும். அதனால் யார் வந்து "கேஸ் இல்லை" என்றாலும் "லீக் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். நீங்கள் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர்தான் பதில் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஜனங்கள் காசை இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது உங்கள் ஃபிரிட்ஜுக்கு வருவோம். கேஸ் குறைந்தால் முதலில் அடிபடுவது ஃப்ரீசர். ஐஸ் சரியாக உறையாது, பக்கச் சுவரில் வழக்கமாக இருக்கிற சூடும் குறைந்துவிடும். உங்களுக்கு ஐஸ் கட்டி உறைகிறது என்கிறீர்கள். அப்படியானால் குளிர் உண்டாகிறது, கீழே வந்து சேரவில்லை.

உங்கள் வகை ஃபிரிட்ஜில் குளிர்விக்கிற காயில் ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஃபேன் காயிலின் வழியாகக் காற்றை இழுத்து, ஃப்ரீசருக்குக் கொஞ்சம், ஒரு வழி மூலமாகக் கீழே கொஞ்சம் என்று அனுப்பும். காற்றில் உள்ள ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதற்காகத்தான் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டர் போட்டுப் பனியை உருக்குகிறார்கள். உருகிய தண்ணீர் பின்னால் குழாய் வழியாக இறங்கி, கம்ப்ரஸருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். இந்த ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பனி மேலே மேலே ஏறிக் காயில் முழுவதும் கட்டியாகிவிடும். ஃபேன் சுற்றினாலும் இழுக்கக் காற்று வராது. காயிலை ஒட்டி இருப்பதால் ஃப்ரீசர் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், கீழே உள்ளது கெடும். பின் தகட்டில் பனி என்று நீங்கள் சொன்னதுமே எனக்குச் சந்தேகம் அங்கேதான் போனது.

ரெண்டு சோதனை செய்யுங்கள். ஃப்ரீசர் கதவைத் திறந்தால் பல மாடல்களில் ஃபேன் நின்றுவிடும். கதவு வந்து மோதுகிற ஓரத்தில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும், அதை விரலால் அழுத்திப் பிடித்துக் காதைக் கொடுங்கள். காற்று வருகிறதா, சத்தமே இல்லையா, அல்லது ஐஸில் இறக்கை உரசுகிற மாதிரி கரகரக்கிறதா என்று கவனியுங்கள்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருப்பதை எல்லாம் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்துவிட்டு, ரெண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். ஃப்ரீசரிலும் கீழேயும் பழைய துண்டு போட்டு வையுங்கள், நிறையத் தண்ணீர் வரும். அவசரப்பட்டுக் கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் உள்ளே விடக் கூடாது. காயில் அலுமினியம், லேசாகக் குத்தினாலே ஓட்டையாகும், அப்போது நிஜமாகவே கேஸ் போய்விடும். வெந்நீரும் ஊற்ற வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும். மறுநாள் போட்டுப் பாருங்கள். கீழே பழையபடி நன்றாகக் குளிர்ந்து, சில நாள் கழித்து மறுபடி இதே தொந்தரவு வந்தால் பனி உருக்குகிற பக்கம்தான் பழுது, கேஸில் இல்லை. உருகின பிறகும் குளிரவே இல்லையென்றால் வேறு பேச்சு.

பஞ்சு பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மாடலில் கண்டென்சர் பக்கச் சுவருக்குள் இருக்கும், அதில் பஞ்சு படியாது. பழைய மாடல்களில் பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரியுமே, அதில் படிந்தால் பெரிய கெடுதல். உங்களுக்குப் பஞ்சு போகிற இடம் ரெண்டு. பின்னால் கீழே கம்ப்ரஸர் இருக்கிற அறை ஒன்று. கதவு ரப்பரின் மடிப்பு இன்னொன்று.

தாராபுரம் தம்பி சொன்னது வேறு வியாதி. கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல், அதைக் காக்கிற ஓவர்லோடு சுவிட்ச் டிரிப் ஆகிற சத்தம்தான் அந்த "டிக்". அம்முணிக்குக் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது, அதனால் இது அது இல்லை. ஆனாலும் தம்பி, ஸ்டெபிலைசர் வைத்தது நல்ல காரியம். கரண்ட் போய் வந்ததும் உடனே விடாமல் ஒரு 3 நிமிடம் தாமதித்து விடுகிற வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நின்றவுடனே கிளப்பினால் குழாயில் ஒரு பக்கம் அழுத்தம் ஏறி இருக்கும், அதை எதிர்த்துக் கம்ப்ரஸர் கிளம்ப முடியாது, சுருள் சூடேறும்.

---

பொள்ளாச்சி மருமகள்

அண்ணா சொன்ன ரப்பர் விஷயத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன் அக்கா. பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்க வேண்டும். சும்மா நழுவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை. சுற்றிலும், முக்கியமாகக் கீழ் மூலைகளில் பாருங்கள். எங்கள் வீட்டில் ரப்பர் மடிப்பில் தேங்காய்ப்பால் வழிந்து காய்ந்து போய் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரச் சோப்பு கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் மடிப்பை விரித்து விரித்துத் தேய்த்தோம். ரப்பர் ஒரு இடத்தில் உள்வாங்கி இருந்தது, ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டினதும் நிமிர்ந்துகொண்டது. புது ரப்பர் வாங்கத் தேவைப்படவில்லை.

---

தறிவீடு, பல்லடம் பக்கம்

அண்ணா, எல்லாம் செய்து பார்த்தேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் சத்தம் கேட்டது, காற்று மட்டும் வரவே இல்லை. பிளக்கைப் பிடுங்கித் திறந்து வைத்தோம். துண்டு பிழியப் பிழியத் தண்ணீர். ராத்திரி ஒரு நேரம் பின்னால் பொத்தென்று சத்தம் கேட்டுப் பயந்தே போனேன், ஐஸ் பாளம் கழன்று விழுந்த சத்தம். மறுநாள் போட்டதும் சாயங்காலத்துக்குள் கீழே சில்லென்று ஆகிவிட்டது. ஃப்ரீசரிலிருந்து கீழே வருகிற துவாரத்தில் கை வைத்தால் காற்று அடிக்கிறது. நோம்பிக்கு ஒரம்பரை வந்தபோது மோர், பால், ஒப்புட்டுக்குப் பூரணம் எல்லாம் அப்படியே இருந்தது.

நோம்பி முடிந்து சில நாளில் பின் தகட்டில் மறுபடி வெள்ளை படிய ஆரம்பித்துவிட்டது. நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது.

ரப்பரையும் பார்த்தேன். கீழ்க் கதவில் பிடிக்குக் கீழே நோட்டு நழுவியது. மடிப்பை விரித்தால் பஞ்சும் பாவுக் கஞ்சித் தூளும் சேர்ந்து கெட்டியாகத் திரி மாதிரி வருகிறது. பொள்ளாச்சி அக்கா சொன்னபடி கழுவிவிட்டேன், இப்போது நோட்டு பிடிக்கிறது. இனி என்ன செய்வதுங்க அண்ணா?

---

கோபி மெக்கானிக், கோபிசெட்டிபாளையம்

சரி, பழுது கேஸில் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. ரப்பர் வழியாக ஈரக் காற்று உள்ளே போனதில் பனி கூடுதலாகப் படிந்திருக்கும், அதைக் கழுவியது நல்லது. ஆனால் ஹீட்டர் வேலை செய்தால் அந்தப் பனியையும் உருக்கியிருக்கும். ஆகவே இனி மெக்கானிக் வேண்டும். தகட்டைக் கழற்றுவதும் ஒயரில் மீட்டர் வைப்பதும் நீங்கள் செய்ய வேண்டாம், தண்ணீர் இருக்கிற இடத்தில் கரண்ட். வேறொருவரைக் கூப்பிடுங்கள். அவர் வேலை செய்யும்போது கூட நின்று பார்ப்பதற்காக எழுதுகிறேன்.

தகட்டைக் கழற்றினதும் உருக்குவதற்கு முன்னால் காயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே சீராகப் பனி மூடியிருந்தால் உருக்கும் பக்கம் பழுது. ஒரு மூலையில் மட்டும் பனி, மீதி வெறுமையாக இருந்தால்தான் கேஸ் பேச்சே எடுக்கலாம். இதைப் பார்க்காமல் ஹீட் கன்னை அடித்துவிட்டால் சாட்சி போய்விடும்.

பனி உருக்குவதில் நான்கு சாமான் சேர்ந்து வேலை செய்கிறது. நேரம் பார்க்கிற டைமர், ஹீட்டர், பைமெட்டல், தெர்மல் ஃப்யூஸ். உங்கள் வயது மாடலில் டைமர் இருக்கலாம், அதற்குப் பதில் எலக்ட்ரானிக் போர்டும் இருக்கலாம். டைமராக இருந்தால் அதில் ஒரு சின்னத் திருகு தெரியும். ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்பினால் "டக்" என்று விழும், கம்ப்ரஸர் நிற்கும். சித்தக் கழித்து ஹீட்டர் சூடாகி ஐஸ் சொட்டச் சொட்ட உருகினால் மற்ற மூன்றும் நல்லது, டைமர்தான் போயிருக்கிறது. "டக்" என்று விழுந்தும் சூடு வரவில்லை என்றால் மீதி மூன்றில் ஒன்று.

ஹீட்டரை மீட்டரில் பார்த்தால் ஓம் காட்ட வேண்டும். 200 வாட் ஹீட்டர் என்றால் 260 ஓம் அளவில் வரும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

பைமெட்டலில்தான் பலர் தப்பாகச் சொல்கிறார்கள். பொத்தான் அளவில் வட்டமாக, ரெண்டு ஒயரோடு காயில் குழாயில் கவ்வியிருக்கும். காயில் நன்றாகக் குளிர்ந்தால் மட்டும் அது சேரும், சூடு ஏறினால் விட்டுவிடும். ஹீட்டர் அளவுக்கு மேல் எரியக் கூடாது என்பதற்காக அப்படி. கழற்றி மேசையில் வைத்து மீட்டர் போட்டால் நல்ல பைமெட்டலும் ஓப்பன் என்றுதான் காட்டும். அதைப் பார்த்து "போச்சு" என்று மாற்றிவிடுவார்கள். சரியாகப் பார்க்க, டம்ளரில் நொறுக்கின ஐஸைப் போட்டு, அதில் நன்றாகக் கல் உப்பைக் கலந்து, பைமெட்டலைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி முக்கி வைக்க வேண்டும். வெறும் ஐஸ் போதாது, உப்புப் போட்டால்தான் பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே இறங்கும். கொஞ்ச நேரத்தில் "டிக்" என்று சேர்ந்தால் நல்லது. சேரவில்லை என்றால் அதுதான் குற்றவாளி. முக்குவதற்கு முன்னால் முதுகைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, சோதனையே வேண்டாம்.

தெர்மல் ஃப்யூஸ் ஒரு தடவை போனால் போனதுதான். அதை எடுத்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுகிறவர் இருக்கிறார், விடவே விடாதீர்கள். பைமெட்டல் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் நிற்காமல் எரிந்தால் அந்த ஃப்யூஸ்தான் கடைசிக் காவல். அது இல்லாவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் உருகி வீட்டுக்கே ஆபத்து.

---

தறிவீடு, பல்லடம் பக்கம்

அண்ணா, முடிந்தது. திருப்பூரிலிருந்து வேறொரு பையன் வந்தான், நல்ல பொறுமை. காயில் முழுக்கச் சீராகப் பனி. டைமரைத் திருப்பினான், "டக்" என்று விழுந்தது, சூடு வரவில்லை. ஹீட்டர் 258 ஓம் காட்டியது. பைமெட்டல் பின்பக்கம் கொப்பளம் மாதிரி உப்பியிருந்தது. நீங்கள் எழுதியதைக் காட்டினேன், ஐஸும் உப்பும் நானே கொடுத்தேன், அவனும் ஆர்வமாக முக்கிப் பார்த்தான், சேரவே இல்லை. பைமெட்டலையும் ஃப்யூஸையும் சேர்த்து மாற்றி, கூலியோடு 900 ரூபாய் வாங்கினான். பின் தகடு இப்போது வெறுமையாகவே இருக்கிறது, கம்ப்ரஸரும் நின்று நின்று ஓடுகிறது. உங்களுக்கு ரொம்ப நன்றிங்க.

இன்னும் ரெண்டு கேள்வி. பின்னால் தண்ணீர் விழுகிற தட்டைக் கழற்றினான், ஒரே நாற்றம், புழு மாதிரி ஏதோ நெளிந்தது. அதை என்ன செய்ய வேண்டும்? அப்புறம் காங்கேயத்தில் அம்மா வீட்டில் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ். அதில் ஐஸ் பெட்டியில் ஒட்டிக்கொண்ட பால் பாக்கெட்டை எடுக்க அம்மா கத்தியால் நெம்பியிருக்கிறார், புஸ் என்று சத்தம் வந்ததாம். அன்றிலிருந்து குளிரே இல்லை. அதற்கும் கேஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

---

கோபி மெக்கானிக், கோபிசெட்டிபாளையம்

900 ரூபாய் நியாயமான கூலி. அந்தத் தம்பியின் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் நெளிந்தது கொசுப்புழு. டெங்கு பரப்புகிற கொசு இந்த மாதிரித் தேங்கி நிற்கிற தண்ணீரில் முட்டை வைக்கும், சுகாதாரத் துறை ஆட்கள் வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். வாரம் ஒரு தடவை தட்டை எடுத்துக் கொட்டி, உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. தட்டு கழலாத மாடல் என்றால் துணியால் ஒற்றி எடுத்துத் துடைக்க வேண்டும். அதைச் செய்கிற நாளிலேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்ரஸர் அறையில் உள்ள பஞ்சையும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடுங்கள். தறி வீட்டில் அது கட்டாயம்.

அம்மா வீட்டு ஃபிரிட்ஜில் கேஸ் போனது உண்மை. சிங்கிள் டோரில் அந்த ஐஸ் பெட்டியேதான் காயில், ரெண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் கேஸ் ஓடுகிறது. அவரிடம் முதலில், சமையலறை ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம், பிளக்கையும் இப்போது தொட வேண்டாம், முடிந்தால் மெயினை நிறுத்தட்டும். இப்போது வருகிற பல ஃபிரிட்ஜ்களில் ஆர் 600ஏ என்கிற கேஸ், தீப்பிடிக்கும். அளவு 50, 60 கிராம் போலத்தான் இருக்கும், காற்றோட்டம் இருந்தால் கலைந்துவிடும், அதனால் வெசனப்பட வேண்டாம். ஆனால் கேஸ் குழாய்க்குள் இருக்கும்போதே நெருப்பு வைத்துக் குழாயை ஒட்ட வருகிறவரை வீட்டுக்குள் விடக் கூடாது.

ஓட்டையை அடைத்த பிறகு அல்லது பெட்டியை மாற்றின பிறகு, குழாயில் ஈரத்தை உறிஞ்சுகிற ஃபில்டர் டிரையர் புதிதாகப் போட வேண்டும், வேக்யூம் பம்ப் வைத்துக் குழாயில் உள்ள ஈரக் காற்றை முழுவதும் இழுக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் தங்கினாலும் கேபிலரி வாயில் ஐஸாக அடைத்துக்கொண்டு குளிர் நின்று நின்று வரும். அப்புறம் கேஸைத் தராசில் வைத்து எடை பார்த்து ஏற்ற வேண்டும், இந்தக் கேஸில் 10 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். தராசும் வேக்யூம் பம்பும் இல்லாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கம்ப்ரஸர் மேலேயோ கதவுக்கு உள்பக்கமோ கேஸ் பெயரும் கிராமும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அம்மாவை அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி இங்கே போடுங்கள். புதுப் பெட்டி வாங்கி மாட்டலாமா, ஓட்டையை மட்டும் அடைத்தால் நிற்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.